குதிரையும் கையொப்பமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை முழங்கும், நம் குழந்தைகள் நாடகம் நடிப்பார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். அப்படி ஒருவர் எழுந்தால், பின்வரிசையில் இருப்போர் சிற்றுண்டியை நாடி மெல்ல எழுவதும் உண்டு. இன்று அவ்வாறு எழுந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பேச வந்திருப்பது உங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிய செய்தி.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரை மாத்தேரான் மலைக்கு அழைத்துச் செல்வதென்று செயற்குழு முடிவு செய்திருப்பதை அறிவீர்கள். நல்ல முடிவு. மோட்டார் வண்டிகள் மலை நுழைவாயிலாகிய தஸ்தூரியோடு நின்றுவிட, அதற்கு மேல் செம்மண் பாதையில் நடந்தோ, குதிரை மீதோ, 1907-இல் ஓடத் தொடங்கிய சிறு இரயிலிலோ செல்லும் அனுபவம் நகரத்துக் குழந்தைகளுக்கு எளிதில் வாய்ப்பதன்று. பயணத்தில் குதிரைச் சவாரியும் உண்டு. அதன் பொருட்டுப் பெற்றோர் கையொப்பமிட்டுத் தர வேண்டிய தாள் ஒன்று வீடுதோறும் வந்திருக்கிறது. சவாரிப் பள்ளிகளில் வழங்கும் தாள்களைப் பார்த்து எழுதப்பெற்றது அது. எவருடைய கவனக்குறைவால் எந்த விபத்து நேரினும் சங்கமும் குதிரைக்காரரும் பொறுப்பல்லர் என்றும், இழப்பீடு கேட்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை என்றும் அதன் கடைசி வரி சொல்கிறது.

சிலர் படியாமலே கையொப்பமிட்டுத் தந்துவிட்டார்கள். சிலர் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்திருக்கிறார்கள். "கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளை அழுகிறான், போட்டால் என் மனம் அழுகிறது" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. செயற்குழுவின் கவலையும் நியாயமானதே. ஊருக்கு உழைக்க முன்வந்தவர்கள், நாளை நீதிமன்றப் படியேற நேருமோ என்று அஞ்சுவதில் வியப்பில்லை. இவ்விரு கவலைகளுக்கும் நடுவே சட்டம் எங்கே நிற்கிறது என்று எடுத்துச் சொல்வதே என் பணி.

குதிரையின் இயல்பு

முதலில் குதிரையை அறிவோம். வளர்ந்த சவாரிக் குதிரை ஏறத்தாழ 400 முதல் 500 கிலோகிராம் எடையுள்ளது. மலைகளில் நாம் காணும் மட்டக்குதிரை அதனினும் சிறியது. ஆயினும் நம்மைவிடப் பன்மடங்கு வலியது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதியை அது பார்த்துவிடும். மூக்கின் நேர் முன்னும் வாலின் நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரியா. பின்புறமாகச் சென்று தட்டிக்கொடுப்பவர் உதை வாங்குவது இதனால்தான். குதிரைக்கு அவர்மேல் பகை எதுவும் இல்லை. வந்தவர் யாரென்று தெரியவில்லை, அவ்வளவே.

புல் தின்னும் இவ்விலங்குக்கு இயற்கை அளித்த பாதுகாப்பு ஓட்டம். காற்றில் பறக்கும் பாலிதீன் பை, மரத்திலிருந்து குதிக்கும் குரங்கு, திடீரென விரியும் குடை, இவற்றுள் எதைக் கண்டாலும் எண்ணிப் பார்த்து அஞ்சுவதற்கு அது காத்திராது. முதலில் விலகிப் பாயும். பிறகுதான் திரும்பிப் பார்க்கும். எத்துணைப் பழகிய குதிரையிடத்தும் இவ்வியல்பு மறைந்துவிடாது. ஆகவே குதிரைமேல் ஏறுகின்ற ஒருவர், தம் உடலைவிட உயரமான ஓரிடத்திலிருந்து விழக்கூடும் என்ற வாய்ப்போடுதான் ஏறுகிறார். இதனைச் சவாரியோடு உடன்பிறந்த இடர் என்று சொல்லலாம்.

வேறு வகை இடர் ஒன்றும் உண்டு. சேணத்தை இறுக்கும் வயிற்றுப்பட்டை இற்றுப்போய் நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. பட்டையை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் பழக்கம் சில குதிரைகளுக்கு உண்டு. சிறிது தூரம் நடந்தபின் பட்டை தளரும். மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதை எவரும் பார்க்கவில்லை. கடிக்கும் குதிரை என்று ஊரறிந்த ஒன்றின்மேல் எட்டு வயதுக் குழந்தையை ஏற்றுகிறார்கள். பெரியவர் காலுக்கு அமைந்த அங்கவடியில் குழந்தையின் செருப்புக் கால் முழுவதும் உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்கிறது. கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டியவர் கைப்பேசியில் பேசிக்கொண்டு பின்தங்கிவிடுகிறார். இவற்றுக்கெல்லாம் குதிரை காரணமன்று, மனிதர் காரணம்.

இவ்விரு வகையையும் பிரித்தறிவதே இன்றைய பேச்சின் உயிர்நாடி. முதல்வகை இடரை நாம் தெரிந்து ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாம் வகையை எவரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை; ஏற்கும்படி கேட்பதும் முறையன்று.

சட்டம் எதைக் கேட்கிறது?

குதிரைச் சவாரிப் பொறுப்புக்கென்று நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. பொதுவான சட்டங்களே இதனையும் ஆள்கின்றன. அவற்றின் அடிப்படை எளியது. என் செயலாலோ செயலின்மையாலோ யாருக்குத் தீங்கு நேரும் என்று நியாயமாக முன்னறிய முடியுமோ, அவரிடத்து நான் எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும். 1932-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் என்ற வழக்கில் இக்கொள்கையை நிலைநாட்டியது. நம் நீதிமன்றங்களும் அதனைத் தழுவிக்கொண்டன.

விலங்கு வளர்ப்போருக்குக் கூடுதலான கடமை உண்டு. தம் விலங்கின் தீக்குணத்தை அறிந்திருந்தும் அடக்கி வையாதவர், அதனால் விளையும் தீங்குக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது பழைய விதி. இழப்பீட்டோடு தண்டனையும் உண்டு. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவாக இருந்தது, இப்பொழுது 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதையில் 291-ஆம் பிரிவாக உள்ளது. தம்மிடமுள்ள விலங்கினால் உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய பெருந்தீங்கைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு தாளில் இட்ட கையொப்பம் இத்தகைய குற்ற வழக்கைத் தடுத்து நிறுத்தாது என்பதையும் நினைவில் கொள்க.

சட்டம் கேட்பது நியாயமான எச்சரிக்கை. ஒன்றும் நேராது என்ற உத்தரவாதத்தை அது கேட்பதில்லை. செயற்குழு நண்பர்களின் அச்சத்தைத் தணிக்க ஒரு வழக்கைச் சொல்கிறேன். இலண்டன் மாநகரில் 1959-இல் நடந்த ஒரு குதிரைக் காட்சியில், வேகமாக வந்த குதிரையொன்று வளைவில் திரும்பும்போது விலகி ஓட, விளிம்பில் நின்ற புகைப்படக்காரர் படுகாயமுற்றார். வுல்ட்ரிட்ஜ் எதிர் சம்னர் என்ற அவ்வழக்கை 1962-இல் ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், போட்டியின் விறுவிறுப்பில் நேர்ந்த கணநேரக் கணிப்புப் பிழைக்காகக் குதிரையின் உரிமையாளரிடம் இழப்பீடு பெற முடியாது என்று முடிவு செய்தது. பிறர் பாதுகாப்பைச் சிறிதும் மதியாத நடத்தையாக இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். எனவே நேர்மையாகக் கவனம் செலுத்தியவரைச் சட்டம் வேட்டையாடுவதில்லை. காகிதம் இல்லாமலே அவருக்குக் காப்பு உண்டு.

கையொப்பம் எதுவரை செல்லும்?

இனித் தாளுக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நமக்குப் பழைய நண்பர். உரிய வயதுடையோர் மனமொப்பிச் செய்யும் உடன்பாடு ஒப்பந்தமாகும் என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நோக்கம் பொதுநலக் கொள்கைக்கு மாறானதாயின் அது செல்லாது என்று 23-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது.

இப்பிரிவுக்கு 1986-இல் உச்ச நீதிமன்றம் புதிய வலிமை தந்தது. நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் அலுவலர் பிரஜோ நாத் கங்குலி என்பவரின் வழக்கு அது. காரணம் கூறாமலே மூன்று மாத முன்னறிவிப்பில் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற விதியை, வலிமை மிக்கவர் வலிமையற்றவர்மேல் சுமத்திய நேர்மையற்ற நிபந்தனை என்று கூறி நீதிமன்றம் தள்ளியது. பேரம் பேசும் ஆற்றல் இல்லாதவர், புள்ளியிட்ட கோட்டின்மேல் கையொப்பமிடுவதைத் தவிர வேறு வழியின்றி ஏற்கும் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. இரு பெரு வணிகர் சரிநிகராக அமர்ந்து செய்யும் ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு படி முன்சென்றது. 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என்பதற்கே அது இலக்கணம் வகுத்து, அதன்மேல் முறையிடும் வழியையும் திறந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு சவாரி தருபவர் சேவை வழங்குநர். கட்டணம் தந்தவர் நுகர்வோர். தந்தை கட்டணம் தர, மகன் ஏறினால் அவனும் நுகர்வோனே. தந்தை செலுத்திய பணத்தில் சிகிச்சை பெற்ற குழந்தையும் அதன் பெற்றோரும் நுகர்வோரே என்று 1998-இல் மருத்துவமனை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளிநாடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டின் சட்டம் ஒளிவு மறைவின்றிப் பேசிவிட்டது. தொழில் நடத்துபவர், தம் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் அறிவிப்பாலும் விலக்கிக்கொள்ள முடியாது. நுகர்வோரைப் பொறுத்தவரை இவ்விதி அங்கே 2015-ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடர்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அங்கே வாஷிங்டன் மாநிலம் 1989-இல் குதிரை நடவடிக்கைகளுக்கென்று தனிப் பொறுப்புச் சட்டம் இயற்றியது. பின்னர்ப் பெரும்பாலான மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. குதிரையின் இயல்பால் நேரும் விபத்துக்குச் சவாரி நடத்துபவர் பொறுப்பல்லர் என்று அவை பொதுவாகக் கூறுகின்றன. இதைக் கேட்டதும், "அமெரிக்காவிலேயே அப்படி; நாம் ஏன் தயங்க வேண்டும்?" என்று சிலர் எண்ணலாம். அச்சட்டங்களைக் கடைசிவரை படிக்க வேண்டும். பழுதுபட்ட சேணம் கடிவாளம் தந்தவருக்கும், ஏறுபவரின் திறமையை விசாரியாமல் பொருந்தாத குதிரையைத் தந்தவருக்கும் அப்பாதுகாப்பு கிடையாது என்று பல சட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது. குதிரைத் தொழிலுக்குக் கைகொடுக்க எழுந்த சட்டங்களே, நான் முன்பு சொன்ன இருவகை இடர்களையும் பிரித்துக் கோடு கிழித்திருக்கின்றன.

'கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் குதிரை' என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. தள்ளுவது குதிரையின் வேலை என்றால், குழி பறிக்கும் வேலையை இக்காலத்தில் காகிதம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விழுந்து எலும்பு முறிந்தவர் கேட்க வரும்போது, "நீங்கள் கையொப்பமிட்டீர்களே" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவரும், "ஆம், இட்டேன், இனி வழியில்லை" என்று திரும்பிப் போய்விடுகிறார். செல்லாத தாளுக்கும் இப்படி ஒரு செல்வாக்கு உண்டு. அறியாதவரை அது அடக்கிவிடுகிறது. அதனால்தான் இது பற்றி ஒரு மேடையில் பேச வேண்டியிருக்கிறது.

குழந்தையின் உரிமை யாருடையது?

நம் பயணத்துக்கு மிகவும் நெருங்கிய பகுதி இது. 1875-ஆம் ஆண்டின் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் மைனர். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே, "எனக்கு வயது பதினைந்து; நானே கையொப்பமிடுகிறேன்" என்று உங்கள் மகன் முன்வந்தால் அந்தக் கையொப்பத்துக்குப் பயன் இல்லை.

"அவன் இடவேண்டாம், தந்தையாகிய நான் அவனுக்காக இடுகிறேன்" என்றால்? நீங்கள் உங்கள் உரிமையைப் பற்றிப் பேசலாம். முறிந்த கால் மகனுடையது. அதற்குரிய இழப்பீட்டு உரிமையும் அவனுடையதே. அதை விபத்து நேருமுன்பே விட்டுக்கொடுக்கத் தந்தைக்கு அதிகாரம் உண்டா? 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு வழிகாட்டுகிறது. அதன் 32-ஆம் கட்டளையின் 7-ஆம் விதிப்படி, மைனரின் சார்பில் வழக்காடும் காப்பாளர், நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவ்வழக்கில் சமரசம் செய்துகொள்ள முடியாது. காயத்தின் அளவும் எதிர்த்தரப்பார் தரும் தொகையும் தெரிந்த பின்னரும், தந்தையின் சம்மதம் மட்டும் போதாது என்கிறது சட்டம். அங்ஙனமாயின், ஒன்றுமே தெரியாத நாளில், ஒரு தொகையும் பெறாமல், குழந்தையின் முழு உரிமையையும் ஒரு வரியில் துறந்துவிடும் தாளை நீதிமன்றம் எந்தக் கண்கொண்டு பார்க்கும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். மேலும், வழக்கிடுவதற்குரிய காலவரம்பும் மைனருக்கு வயது நிரம்பிய பின்னரே ஓடத் தொடங்கும்படி 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் அமைந்திருக்கிறது. குழந்தையின் உரிமையைக் குழந்தை வளரும்வரை காத்து வைக்கும் சட்டம் அது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து உச்ச நீதிமன்றம் 2002-இல், பனிச்சறுக்கு விபத்தில் பார்வையிழந்த ஒரு சிறுவனின் வழக்கில், பெற்றோரின் கையொப்பம் அவன் உரிமையைப் பறிக்காது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றம், பெற்றோர் அவ்வாறு விட்டுக்கொடுக்கலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டது. அறிஞர்களுக்குள்ளேயே இப்படிக் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டுச் சட்டத்தின் போக்கோ குழந்தையின் பக்கமே சாய்ந்திருக்கிறது.

அழைத்துச் செல்வோரின் கடமை

"குதிரை குதிரைக்காரருடையது, நாம் அழைத்துச் செல்பவர்தாமே" என்று சங்கம் ஒதுங்கிவிட முடியுமா? 1995 மே மாதத்தில் வட இந்தியப் பள்ளி ஒன்று மாணவர்களைப் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றது. 14 பிள்ளைகள் நீரில் மூழ்கி மாண்டனர். 2001-இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உடன்சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவையும், அதற்குப் பள்ளி நிருவாகம் ஏற்க வேண்டிய பொறுப்பையும் உறுதி செய்து, குழந்தை ஒன்றுக்கு ஐந்து இலட்ச ரூபாய் இழப்பீட்டை நிலைநிறுத்தியது. பிறர் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் அந்தப் பொழுதுக்குப் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார். ஆற்றுக்கு உரைத்தது மலைக்கும் பொருந்தும். நம் சங்கம் இலாபம் கருதாதது என்பது நமக்குப் பெருமைதான். கவனக்குறைவுக்கு அது விடையாகாது.

நரியைப் பரியாக்கியது இறைவனின் திருவிளையாடல். அந்தப் பரிகளும் இரவில் மீண்டும் நரிகளாகிவிட்டன என்றுதான் கதை. கவனக்குறைவை ஒரு தாளால் கவனமாக்கிக் காட்டினாலும், நீதிமன்றத்தின் முன் அது தன் பழைய வடிவத்தைக் காட்டிவிடும்.

தாள் வேண்டாமா?

அப்படியானால் தாளைக் கிழித்தெறிந்துவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தாள் வேண்டும், அதன் பணி மாற வேண்டும். இடரைப் பெற்றோருக்கு உண்மையாக எடுத்துரைத்ததற்கும், அவர்கள் அறிந்து இசைந்ததற்கும் அது சான்றாக இருக்கட்டும். குதிரையின் இயல்பால் நேரும் விபத்தில் அத்தகைய தாள் நடத்துபவருக்கு மெய்யான துணை. தெரிந்தே ஏற்ற இடருக்குப் பிறரைக் குறைகூற முடியாது என்ற பழைய நெறி அங்கேதான் உயிர்பெறுகிறது.

ஆகவே செயற்குழுவின் முன் என் பணிவான யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, தாளின் கடைசி வரியை நீக்கிவிடுவோம். அதனிடத்தில், குதிரை மருண்டு பாயக்கூடும், ஏறியவர் விழக்கூடும், விழுந்தால் எலும்பு முறிவும் தலைக்காயமும் உயிரிழப்பும் நேரக்கூடும் என்பதைத் தெளிவான தமிழில் எழுதுவோம். மராத்தியும் இந்தியும் மட்டும் படிக்கும் இல்லத்தரசியர் இருப்பின் அம்மொழிகளிலும் தருவோம். விளங்காத மொழியில் தந்த எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

இரண்டாவது, தாள் பெற்றோரையும் கேட்கட்டும். குழந்தையின் வயது, எடை, முன்பு ஏறிய பழக்கம், வலிப்பு, இழுப்பு, அண்மையில் நடந்த அறுவை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒளியாமல் எழுத வேண்டும். உண்மையை மறைத்த பெற்றோர் பிறரைக் குறைகூற முடியாது. பொறுப்பு இருபாலும் ஓடுவது.

மூன்றாவது, சங்கம் என்ன செய்யும் என்பதையும் அதே தாளில் எழுதுவோம். தாடைப்பட்டியோடு கூடிய தலைக்கவசம் நாமே கொண்டுசெல்வோம். செருப்பணிந்த குழந்தையை ஏற்றமாட்டோம்; குதிகால் உள்ள மூடிய காலணி வேண்டும், அங்கவடியில் கால் சிக்காதிருக்க. துப்பட்டாவும் கழுத்துத் துணியும் கட்டப்பெற்றிருக்கும். ஏறுமுன்பும் சிறிது தூரம் சென்றபின்பும் வயிற்றுப்பட்டையைப் பெரியவர் ஒருவர் பார்ப்பார். சிறு குழந்தையின் குதிரையைக் கயிறு பிடித்தே நடத்துவார்கள், ஓட்டம் கிடையாது. ஏற மாட்டேன் என்று அஞ்சும் குழந்தையை எவரும் வற்புறுத்தார். இவ்வாறு எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் நம் செயலாளர். பெற்றோரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் அவருடைய கையொப்பமும் இருக்கட்டும்.

நான்காவது, பயணத்துக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுப்போம். அதில் குதிரைச் சவாரி விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தபின் பணம் கட்டுவோம். யார் பிழை என்று வழக்காடும் முன்னரே மருத்துவச் செலவுக்கு உதவுவது காப்பீடு ஒன்றே.

குதிரைக்காரரும் குதிரையும்

குதிரைக்காரரைப் பற்றிச் சில சொற்கள். அவர் நமக்கு எதிரியல்லர். மலைவாசத்தலங்களில் குதிரையை நம்பியே பல குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. விடுமுறை நாள்களில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு மழைக்காலத்தையும் தள்ள வேண்டிய வாழ்க்கை அது. பெரிய சவாரிப் பள்ளியிடம் வழக்கறிஞரும் காப்பீடும் இருக்கும். இவரிடம் ஒரு குதிரையும் ஒரு கயிறும் இருக்கும். நாம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். இரண்டு குழந்தைகளை ஒரே குதிரையில் ஏற்றச் சொல்கிறோம். இரயிலுக்கு நேரமாயிற்று என்று விரட்டுகிறோம். பின்னர் விபத்து நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் அவருடையது என்கிறோம். அது நியாயமன்று. உரிய கூலி கொடுப்போம். உரிமம் பெற்றவரை அமர்த்துவோம். அவர் "இந்தக் குதிரை இந்தக் குழந்தைக்கு ஆகாது" என்று சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்போம்.

பேசாத குதிரைக்கும் சட்டம் உண்டு. நோயாலும் புண்ணாலும் முதுமையாலும் வேலைக்குத் தகாத விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோகிராமே உச்ச அளவு என்று 1965-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அது பொதிக்குரிய அளவுதான். ஆயினும் குழந்தைகளோடு தாமும் ஒரு சுற்று வர விரும்பும் என் வயதொத்த நண்பர்கள், வீட்டை விட்டுப் புறப்படுமுன் எடைப்பொறியின்மேல் ஒருமுறை ஏறிவிட்டு வருவது நல்லது. புண்பட்ட முதுகின்மேல் சேணம் அழுத்தும்போது குதிரை துள்ளுகிறது, ஏறியவர் விழுகிறார். குதிரைக்குக் காட்டும் இரக்கமும் குழந்தைக்குச் செய்யும் காப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

ஒருவேளை நேர்ந்துவிட்டால்

எல்லாம் செய்தும் விபத்து நேரக்கூடும். அப்பொழுது முதல் வேலை மருத்துவம். தலையோ கழுத்தோ முதுகோ அடிபட்டிருந்தால் குழந்தையைத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். அசையாமல் வைத்து, 112 என்ற எண்ணில் உதவி அழையுங்கள். அடுத்து, சேணத்தையும் பட்டையையும் இருந்தபடியே படமெடுத்து வையுங்கள். கண்டவர்களின் பெயரும் முகவரியும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தந்த தாள் ஒவ்வொன்றையும் காத்து வையுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து, 'இனி உரிமை இல்லை' என்று எழுதி வாங்க எவரேனும் அவசரப்படுத்தினால், அன்று எதிலும் கையொப்பமிடாதீர்கள். வயது வந்தோருக்கு உடற்காயத்துக்கான உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு உண்டு. நுகர்வோர் முறையீட்டுக்கு இரண்டாண்டு. உயிரிழப்பு நேரின், 1855-ஆம் ஆண்டின் சட்டப்படி குடும்பத்தார் இழப்பீடு கோர இரண்டாண்டு. துயரத்தில் நாள்கள் விரைந்து ஓடிவிடும். ஆகவே தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

அன்பர்களே! சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, பாட்டனும் அத்தையும் மாமனும் பக்கத்தில் இல்லை. பள்ளி விடுமுறையில் நம் குழந்தையை நம்பி அனுப்ப இந்தக் காலனியில் நமக்கு வாய்த்த உறவு இச்சங்கம்தான். உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, "எது நேர்ந்தாலும் உங்களைக் கேளேன்" என்று எவரும் எழுதித் தருவதில்லை. "பிள்ளை சற்றுத் துடுக்கு, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் தாளும் அந்த இரு சொற்களையே சட்ட மொழியில் சொல்லட்டும்.

அவ்வாறு திருத்திய தாளின் நகல் ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அதனை ஆராய்ந்து, குறை இருப்பின் திருத்தி, பயணத்துக்கு முன்பே வீடுதோறும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்னரே கையொப்பமிட்டுத் தந்தவர்களுக்குப் பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது முறையாகும். மேசைமேல் தாளை வைத்துக்கொண்டு தயங்கும் தாய்மார்கள் புதிய தாளைப் படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டும் கையொப்பமிடுங்கள். பிள்ளைகள் செம்மண் பாதையில் குதிரை ஏறி, மகிழ்ச்சியோடு வீடு திரும்பட்டும்.